காமிராவுக்குக் கண் எங்கே போகிறது?

சென்ற இதழில் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பிடிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதே பூஞ்சணம் காமிராவையும் விடாது என்று பின்னால் சொல்கிறேன். முதலில் என் மானம் போன கதையைக் கேளுங்கள்.

போன வருஷம் ஆனி மாதம் எங்கள் இலத்தூர் மதுநாத சுவாமி கோயிலில் நாத்தனார் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடி என் வீட்டுக்காரருடையது. "போட்டோக்காரர் எதுக்கு, மதினி எடுத்திருவாங்க" என்று நாத்தனார் என்னை நம்பிவிட்டாள். கொழுந்தன் விட்டுப்போன டிஜிட்டல் காமிரா என் கையில். வீட்டுக்கு வந்து பார்த்தால், முன்னால் நீட்டிய சீர்த்தட்டில் வாழைப்பழத்தின் கரும்புள்ளிகூடத் தெளிவு. குழந்தை முகம் பனிமூட்டம்! "பரவாயில்ல மதினி" என்றாள். அந்தப் 'பரவாயில்ல' எப்படி இருந்தது என்பது சகோதரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

தென்காசியில் ஒரு கடையில் காட்டினேன். "உள்ள மோட்டார் போச்சுக்கா, நாலாயிரம் ஆகும்" என்றார். நாலாயிரம் சும்மாவா? காமிராவோடு வந்த சிறு புத்தகத்தை அலமாரியிலிருந்து தேடி எடுத்து, மத்தியான வேலை முடிந்ததும் உட்கார்ந்து படித்தேன்.

என் அப்பா வைத்திருந்த யாஷிகா எம்.எஃப்-2 காமிராவில் இந்தத் தொல்லை கிடையாது. லென்ஸ் ஒரே நிலையில் நிற்கும். தானே தூரம் பார்த்து லென்ஸை நகர்த்தும் காமிரா, 1977-ல் ஜப்பானின் கோனிகா சி35 ஏ.எஃப் மூலம்தான் கடைகளுக்கு வந்தது. ஆனால் அந்தக் கருவிக்கு நம் குழந்தை யார், வாழைப்பழம் எது என்று தெரியாது. வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரங்களை, கோடுகளைத்தான் தேடும். எங்கே பார்ப்பது என்பதை அதனிடமே விட்டுவிட்டால், பெரும்பாலும் கிட்டே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். சீர்த்தட்டு கிட்டே இருந்தது, அவ்வளவுதான்!

ஆகவே, கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, காமிராவை இரண்டு மீட்டர் தள்ளி மேசைமேல் அசையாமல் வைத்து எடுங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. எனக்கு விழுந்தது.

விழாவிட்டால் லென்ஸின் பக்கத்தில் உள்ள சிறு விசையைப் பாருங்கள். 'ஏ.எஃப்' என்பதில் இருக்க வேண்டும். பையில் உரசி 'எம்.எஃப்' பக்கம் நகர்ந்திருந்தால் காமிரா ஒன்றும் செய்யாது, நாம்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். கழற்றி மாட்டும் லென்ஸானால், காமிராவை அணைத்துவிட்டு, லென்ஸின் அடியில் உள்ள பொன்னிறப் புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கலாம். முந்தானை வேண்டாம்! மிகக் கிட்டே போனாலும் பிடிக்காது. என் லென்ஸில் 0.25 மீ. என்று எழுதியிருக்கிறது. அதாவது கால் மீட்டருக்குள் எது வந்தாலும் கலங்கல்தான்.

இன்னொன்று: படத்தில் ஏதாவது ஒன்றாவது தெளிவாக இருந்தால் ஃபோகஸ் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்கு, நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, குழந்தையின் கண்மேல் வைத்து, பித்தானைப் பாதி அழுத்துங்கள். 'பீப்' என்றதும் விரலை எடுக்காமல் காமிராவை வேண்டிய பக்கம் திருப்பி முழுதும் அழுத்துங்கள். ஓடுகிற பிள்ளையானால் 'ஏ.எஃப்-சி' முறை வேண்டும். அது விடாமல் பின்தொடரும். கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் குழந்தை முகத்தைத் தொட்டாலே போதும். அதற்குமுன் லென்ஸில் உள்ள எண்ணெய்க் கையைத் துடையுங்கள்!

எனக்கு இன்னொரு குறையும் இருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தில் எல்லாமே மங்கல். அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, நம் பார்வைக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ள. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு யாரைக் குறை சொல்ல?

ஆடிச் சாரலில் குடும்பத்தோடு குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். அருவியைக் குறிவைத்தால் லென்ஸ் 'கிர்ர் கிர்ர்' என்று முன்னும் பின்னும் ஓடுகிறது. வெள்ளை நீரிலும் திவலையிலும் பிடித்துக்கொள்ள ஒரு கோடும் இல்லையே! பக்கத்துப் பாறையின் விளிம்பைக் காட்டினேன், நின்றது. ஏ.சி. காரிலிருந்து இறங்கியவுடன் காமிராவை வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பூஞ்சணத்துக்கு வருகிறேன். ஈரத்தோடு தோல் உறையில் போட்டு மூடினால் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படரும். மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறினால் பொட்டலத்தையும் மாற்றுங்கள்.

ஐந்தருவிக்குச் சற்றுத் தள்ளி, தாய்மாமன் தோளில் சாரலுக்குப் பயந்து அழுகிற குழந்தையை எடுத்தேன். காதில் தோடு மின்னுகிறது, கண்ணீர்கூடத் தெரிகிறது. நாத்தனார் அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். காது குத்திய அன்றைய படத்தில் இன்றும் வாழைப்பழம்தான்.