அடுப்பை இடிங்க... புகைபோக்கியை ஏன் அடைக்கறீங்க?

கணியூர்ப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் புதுப்பிக்கும்போது சமையலறையில் ஒரு தப்பு நடக்கிறது. அதைத் தப்பு என்று யாரும் நினைப்பதுகூட இல்லை. கேஸ் வருகிறது என்றவுடன் விறகடுப்பு மேடையை இடித்துக் கடப்பாக்கல் போடுகிறார்கள். கையோடு, மேலே இருக்கும் புகைபோக்கியையும் செங்கல் வைத்துப் பூசி விடுகிறார்கள். கேட்டால் ஒரே பதில்: "கேஸ்ல ஏதுங்க புகை?"

சரி, விறகுப் புகை இல்லை. தாளிக்கிற எண்ணெய்ப் புகை? கேஸ் எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு? காற்றோட்டம் போதாவிட்டால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு? இது கண்ணைக் கரிக்காது, மணக்கவும் மணக்காது. அதுதான் ஆபத்தே!

பெரிய வேடிக்கை கொல்லைப்புறத்தில். இடித்த அடுப்பு சாகவில்லை, மூன்று கல்லாகித் தகரக் கொட்டகைக்குள் குடியேறிவிட்டது. குளிக்க வெந்நீர், நெல் வேகவைப்பது, விருந்தாள் வந்தால் சோறு... எல்லாம் அங்கேதான். தோப்பில் தென்னை மட்டையும் பாளையும் சும்மா கிடக்கும்போது, 14.2 கிலோ சிலிண்டரை வெந்நீருக்கு யார் செலவழிப்பார்கள்? நியாயம்தான். ஆனால் புகைபோக்கி இருந்த இடத்தில் இப்போது விறகு இல்லை, விறகு எரிகிற இடத்தில் புகைபோக்கி இல்லை. ஊதாங்குழலோடு அங்கே குனிந்திருப்பது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அரசாங்கங்களின் கணக்கும் இதே லட்சணம்தான். 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. குழாயில் படிந்த கரியை எடுக்க ஆளில்லாமல் பல அடுப்புகள் வீணாயின, 2002-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். பிறகு 2007-இல் தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பு, 2016-இல் உஜ்வலா. கொடுத்த இணைப்புகளை எண்ணினார்கள். கொல்லைப்புற அடுப்பை எண்ணியது யார்?

இதற்கு நடுவில் "விறகடுப்புச் சமையல் ருசியே தனி" என்று பெருமூச்சு விடும் கூட்டம் ஒன்று. ருசி பார்ப்பவர் திண்ணையில், புகை குடிப்பவர் அடுப்படியில். (இடத்தை ஒரு வாரம் மாற்றிக்கொண்டு பிறகு பேசலாமே!)

மாற்றுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. புகைபோக்கிக்குள் இருக்கும் கரியைச் சுரண்டி எடுத்து, பக்கவாட்டில் காற்று போக வழிவிட்டு உச்சியில் மழை மறைப்பு வைத்து, அதற்கு நேர்கீழே கேஸ் அடுப்பை வைக்கலாம். அடுப்பு மேடை சிலிண்டரைவிட உயரமாக இருக்க வேண்டும். ஒரு விஷயம் முக்கியம்: கசிகிற கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். மேலே இருக்கும் புகைபோக்கி அதை இழுக்காது. ஆகவே சுவரின் அடியில், வெளிப்புறம் பார்த்து ஒரு துவாரம் கட்டாயம் வேண்டும். கொல்லை அடுப்புக்கு, கூரையைத் தாண்டி மேலே போகும் ஒரு தகரக் குழாய். அதையும் அவ்வப்போது தட்டிக் கரியை எடுக்க வேண்டும்.

டைல்ஸ் என்ன கலர் என்று இரண்டு நாள் யோசிக்கிறவர்கள், கொத்தனார் சாந்து குழைக்கும் முன் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க மாட்டார்களா?