தொலைவில் இருக்கும் கண்ணுக்கு அரசுப் பணம்

வட சிலாங்கூரில் பாகான் நக்கோடா ஓமார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு, இனிப்பு நீரால் (நீரிழிவால்) விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, கிள்ளானுக்கோ ஷா ஆலமுக்கோ அனுப்புகிறோம். அவருக்கு லேசர் நல்லதா, கண்ணுக்குள் போடும் ஊசி நல்லதா?

அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த 'புரோட்டோகால் எஸ்' ஆய்வு 2015-இல் ஒரு விடை தந்தது. ரனிபிசுமாப் ஊசி, பார்வைக் கூர்மையைக் காப்பதில் முழு விழித்திரை லேசருக்குக் குறைந்ததல்ல என்று இரண்டாண்டு முடிவில் தெரிந்தது. ஆனால் அது, மாதாமாதம் அழைத்து, விடாமல் பார்த்துக்கொண்ட நோயாளிகளிடம் கண்ட முடிவு. 2019-இல் பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு மற்றவர்களைப் பார்த்தது. ஆறு மாதத்துக்கு மேல் வராமலிருந்து திரும்பி வந்தவர்களில், ஊசி மட்டும் போட்ட கண்கள் லேசர் போட்ட கண்களைவிட மோசமாகியிருந்தன. காரணம் நமக்குப் புரியாததல்ல. லேசர், விழித்திரையின் ஓரத்தில் பிராணவாயுவை விழுங்கும் செல்களில் ஒரு பகுதியை நிரந்தரமாக அழித்துவிடுகிறது. தேவை குறைகிறது; புதுக்குழாயைத் தூண்டும் விஇஜிஎஃப் புரதமும் குறைகிறது. ஊசி மருந்தோ சில வாரங்களில் கரைந்துவிடும்.

நம் நோயாளி இந்த இரண்டு கூட்டத்தில் எதைச் சேர்ந்தவர்? அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான். அவரைத் தடுப்பது அந்தக் கட்டணம் அல்ல. போக ஒரு நாள் கூலி போகிறது. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் மோட்டார்சைக்கிள் ஓட்டித் திரும்ப முடியாது. கூட ஒருவர் வர வேண்டும். அவருக்கும் ஒரு நாள் கூலி போகிறது. லயத்து வீடுகளில் எல்லாரும் இருந்த காலத்தில், இன்னார் மருந்துக்கு வரவில்லை என்பது தோட்டத்து மருந்தக டிரெஸருக்கு மறுநாளே தெரியும். இன்று பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். தொலைபேசி எண் மாறினால் ஆளே கிடைப்பதில்லை.

எனவே வட சிலாங்கூரின் கேள்வி இது: தவணை தவறுவது வழக்கமாக இருக்கும் இடத்தில் எந்தச் சிகிச்சை பார்வையைக் காக்கும்? இதற்கு எந்த மருந்து நிறுவனமும் பணம் தராது. லேசர் கருவியை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு ஓடும். அதன் காப்புரிமைகளும் பழசாகிவிட்டன. லேசருக்கான ஆதாரமே நமக்குக் கிடைத்தது அரசுப் பணத்தால்தான். அமெரிக்கத் தேசியக் கண் கழகம் 1972 முதல் 1,700-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்திய ஆய்வு, லேசர் கடும் பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று 1976-இல் காட்டியது. அதே 1972-இல்தான் சார்ல்ஸ் ரிவாவும் உடன் ஆய்வாளர்களும் லேசர் டாப்ளர் முறையில் விழித்திரைக் குழாயில் ரத்த ஓட்டத்தை முதன்முதலாக அளந்தார்கள். இன்று லேசர் ஒளிப்புள்ளிகளின் மங்கலைக் கொண்டு, இனிப்பு நீர் கெடுக்கும் பாதத்தின் தோலில் ஓடும் ரத்தத்தையே படமாக்கலாம். விரல் கறுக்கும் முன்பே ஓட்டம் குறைவதை ஒரு மாவட்ட கிளினிக்கில் காண முடியுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாமா?

அரசுப் பணத்தில் ஆய்வு நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிய வழி அல்ல. கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே கிள்ளானின் அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிக்கத் தொடங்கி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அந்த வேலை பிறகு தோட்டங்களுக்குள்ளும் வந்தது. பெரிபெரி நோயில் மருத்துவர் பிராடன் கவனித்தது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அது வரவில்லை என்பதை. மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளர்களிடம் சோதித்து, தீட்டிய அரிசிதான் வேர் என்று 1909-இல் உறுதிப்படுத்தினார்கள். அந்த ஆய்வுகளில் தொழிலாளரின் விருப்பத்தை இன்றைய முறைப்படி யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோய் இருக்கும் இடத்துக்கே அரசுப் பணம் தேடிப் போனது.

அண்மைக் கால நிலை? ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் நாடு செலவிட்டது 2020-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.95 விழுக்காடு. 2030 இலக்கு 3.5. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4. சென்னையின் சங்கர நேத்ராலயா ஆய்வு, நீரிழிவுள்ளோரில் 18 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு என்றது. நம் நாட்டின் நீரிழிவுக் கண் பதிவேடு 2007-இல் 36.8 என்றது. முன்னது நகர மக்களிடம் வீடு வீடாகத் தேடியது, பின்னது மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. இரண்டையும் ஒப்பிட முடியாது. வட சிலாங்கூரின் சபாக் பெர்ணாம் தோட்டத்து மக்களுக்கு இரண்டுமே பொருந்தாது.

வெற்றிடம் சும்மா இருப்பதில்லை. மணிக்கட்டிலும் மூக்கிலும் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்கும் கருவிகளைப் பற்றி நோயாளிகள் நம்மிடம் கேட்கிறார்கள். ஆதாரம் இல்லை என்கிறோம். ஆனால் ஆதாரமுள்ள லேசர் அவர்களுக்கு எட்டுகிறதா என்பதற்கு நம்மிடம் ஒரு கணக்கும் இல்லை.

சுகாதார அமைச்சின் ஆய்வு மானியத்தில் ஒரு பங்கு, பல்கலைக்கழகங்களோடு போட்டியிடாமல், மாவட்ட கிளினிக்குகளுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். கருவியைவிட ஆளுக்குச் சம்பளம் தருவதாக அது இருக்கட்டும்: அனுப்பப்பட்டவரைத் தேடி வீட்டுக்குப் போகும் தாதி ஒருவர், மூன்று ஆண்டுக்கு. பயணச் செலவும் இழந்த கூலியும் ஆய்வின் முடிவுகளில் அளக்கப்பட வேண்டும். ஓராண்டு மானியத்தில் இதைச் செய்ய முடியாது. முதல் லேசருக்கும் பார்வை போவதற்கும் இடையில் ஆண்டுகள் இருக்கின்றன.

விண்ணப்பம் நம்மிடமிருந்துதான் போக வேண்டும். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணாம் பகுதிகளில் பணியாற்றும் உறுப்பினர்கள் கடந்த ஆண்டு கண்ணுக்கு அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேருக்கு லேசர் முழுவதும் முடிந்தது, எத்தனை வாரம் ஆனது என்ற மூன்று எண்கள் போதும். பெயரும் அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு அவற்றைச் சேர்த்து முதல் விண்ணப்பத்தை எழுத இந்த இதழின் ஆசிரியர் குழு உடன் நிற்கும்.