வில்லனுக்கும் ஒரு பாட்டி உண்டு

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசைக் கதைகளை உங்கள் வீட்டுப் பெரிய பிள்ளைகள் படித்திருப்பார்கள். பானெம் என்று ஒரு கற்பனை தேசம். 12 மாவட்டங்களிலிருந்தும் வருஷா வருஷம் ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவரையொருவர் கொல்ல விடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு பிள்ளை! இதை நாடே டி.வி.யில் பார்க்க வேண்டும். அந்தக் கொடுமைக்குத் தலைவர் ஜனாதிபதி ஸ்னோ.

2020-ல் வந்த 'தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' நாவல், 64 வருஷம் பின்னால் போய், அதே ஸ்னோவின் 18 வயதுக் கதையைச் சொல்கிறது. புத்தகம் கைக்கு வருமுன்பே வாசகர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "இந்தப் பாவிக்கு ஒரு கதையா? பாவம் பார்க்கச் சொல்கிறார்களா?" என்று ஒரு கட்சி. "கெட்டவன் எப்படிக் கெட்டான் என்று தெரிய வேண்டாமா?" என்று இன்னொரு கட்சி.

நான் இரண்டாவது கட்சி. காரணம் அந்த வீட்டுச் சமையலறைதான்.

யுத்தத்தில் சொத்தெல்லாம் போய்விட்ட பெரிய குடும்பம். தினமும் முட்டைக்கோஸ் சூப்தான். பாட்டிக்கோ பழைய பெருமை மட்டும் குறையவில்லை. பெரியப்பா பெண்ணோ, அத்தை பெண்ணோ, டைக்ரிஸ் என்று ஒரு அக்கா. விழாவுக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டை இல்லையே என்று, அப்பாவின் பழைய சட்டையைப் பிரித்துத் தைத்து, வேலைக்காரி குளியலறையில் பதித்திருந்த சின்னச் சின்ன ஓடுகளைப் பெயர்த்துப் பொத்தானாக வைத்துக் கொடுக்கிறாள். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பசியில் வளர்ந்த பையன், அதான் அப்படி ஆயிட்டான்" என்று நாமும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் இல்லையா? அதே சூப்பைத்தானே டைக்ரிஸும் குடித்தாள்! மூன்றாவது நாவலில், ஸ்னோவை எதிர்க்கும் காட்னிஸை ஒளித்து வைத்துக் காப்பாற்றுவதே இவள்தான். ஸ்னோவோ, தன்னை உயிராக நம்பிய சிநேகிதன் செஜானஸைக் காட்டிக் கொடுத்துத் தூக்குமேடைக்கு அனுப்புகிறான். விஷயம் தெரியாத செஜானஸின் பெற்றோர் அவனையே வாரிசாக்கிக்கொள்கிறார்கள். இதற்கு மேலுமா ஆசிரியை அவனுக்குப் பரிந்து பேசுகிறார் என்கிறீர்கள்?

மூன்றாம் பாகம் பற்றிய குறையை நான் மறுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கதை கொஞ்சம் தொய்கிறது. பிறகு முடிவு மளமளவென்று ஓடிவிடுகிறது. பாட்டுக்காரப் பெண் லூசி கிரே காட்டில் மறைந்து என்ன ஆனாள் என்று சொல்லவே இல்லை. என் மகளுக்கு அதில் ஒரே கோபம். எனக்கு அது பிடித்திருந்தது. ஸ்னோவுக்கும்தானே கடைசிவரை தெரியாது!

12 வயதுக்கும் கீழே உள்ள பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், சாவு நிறைய வருகிறது. 2025-ல் ஹேமிச்சின் இளமைக் கதையும் வந்திருக்கிறது. அது இப்போது மகள் கையில். அவள் முடித்த பிறகுதான் எனக்கு!