கல்லறையில் யாரும் இல்லை

வேல்ஸ் நாட்டின் வடமேற்கே, ஸ்நோடன் மலையின் தெற்கில், கிளாஸ்லின், கொல்வின் என்ற இரு ஆறுகள் கூடுமிடத்தில் பெத்கெலெர்ட் என்றொரு சிறு கிராமம் இருக்கிறது சகோதரிகளே. அந்நாட்டு மொழியில் 'பெத்' என்றால் கப்று. கெலெர்ட்டின் கப்று என்பதே ஊரின் பெயர்.

யார் இந்தக் கெலெர்ட்? ஒரு வேட்டை நாய் என்கிறது அங்குள்ள கதை. 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட இளவரசர் லெவெலின் ஒருநாள் வேட்டையிலிருந்து திரும்புகிறார். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, பிள்ளையைக் காணோம். நாயின் வாயெல்லாம் இரத்தம். பிள்ளையைக் கடித்துக் கொன்றுவிட்டது என்று எண்ணி வாளால் குத்திவிடுகிறார். அந்த நேரம் தொட்டிலுக்கு அடியில் பிள்ளையின் அழுகுரல்! பக்கத்தில் ஒரு ஓநாய் செத்துக் கிடக்கிறது. பிள்ளையைக் காத்த நாயை அல்லவா கொன்றுவிட்டார்!

"இது நமது கீரிப்பிள்ளைக் கதையல்லவா?" என்று கேட்பீர்கள். அதேதான். தண்ணீர்க் குடத்தோடு வந்த தாய் அவசரப்பட்டுக் கீரியைக் கொன்ற அந்தக் கதை பஞ்சதந்திரத்தில் உண்டு, சிலப்பதிகாரத்திலும் பேசப்படுகிறது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் எழுதிய 'கலீலா வ திம்னா' வழியாக மேற்கேயும் போனது. போன இடத்தில் கீரி நாயானது, பாம்பு ஓநாயானது. பிள்ளையும், தொட்டிலும், பெற்றவர் பட்ட அவசரமும் மட்டும் மாறவேயில்லை.

அது எப்படி இந்தக் கிராமத்தில் வந்து ஒட்டிக்கொண்டது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் வேல்ஸிலிருந்து வந்து இங்கே விடுதி நடத்தியவர் டேவிட் பிரிச்சர்ட். மலை பார்க்க வருவோரை ஊருக்குள் இழுக்க, இந்தக் கதைக்கு இளவரசரின் பெயரைச் சூட்டி, ஆற்றோரப் புல்வெளியில் கல்லும் நாட்டினார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கெட்டிக்கார வியாபாரிதான்! வில்லியம் ஸ்பென்சர் என்ற கவிஞர் 1811இல் இதையே கவிதையாக வெளியிட, கதை நாடெங்கும் பரவிவிட்டது.

ஊரின் பெயரோ விடுதிக்காரருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. 13ஆம் நூற்றாண்டு ஏடுகளிலேயே அது இருக்கிறது. பழங்காலத்தில் அங்கு வாழ்ந்த கெலெர்ட் என்ற மனிதரின் பெயராகவே அது இருக்கவேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. அவர் ஒரு கிறிஸ்தவத் துறவி என்றும் சொல்வார்கள்.

நாயின் கதை அங்கே கல்லில் இரண்டு மொழிகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மரத்தடியில் வேலியிட்ட அந்த இடத்துக்கு இன்றும் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். வாசித்துவிட்டுக் கண் கலங்குவோரும் உண்டு.