இலாபம் குறையும் ஆண்டில் பள்ளிக்கு யார் துணை?

பள்ளி மேடையில் பெரிய மாதிரிக் காசோலையை ஏந்தி நிற்கும் நிறுவன அதிகாரிகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவ்வுதவி நன்றிக்குரியது. எனினும், அது எத்துணை உறுதியானது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

2006ஆம் ஆண்டில் புர்சா மலேசியா, நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தம் சமூகப் பணிகளை ஆண்டறிக்கையில் குறிப்பிட வேண்டியதாயிற்று. ஆனால், செய்ததைத் தெரிவிப்பதே கடமை. இவ்வளவு தொகை செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. வணிகம் சரிந்தாலும் ஊழியர் சம்பளத்தையும் வங்கி வட்டியையும் கட்டியே ஆகவேண்டும். நன்கொடையை நிறுத்தினால் கேட்பார் இல்லை. ஆகவே, சிக்கனம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கைவைக்கிறது.

நம் நாட்டுப் பொருளாதாரம் 1998இல் 7.4 விழுக்காடும், 2009இல் 1.5 விழுக்காடும், 2020இல் 5.5 விழுக்காடும் சுருங்கியது. இத்தகைய ஆண்டுகளில்தான் பெற்றோர் வேலையிழக்கின்றனர். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கணினியும் இணையமும் இல்லாத வீடுகளில் பிள்ளைகளின் கல்வி தடைபட்டது. தேவை பெருகும் ஆண்டிலேயே கொடையும் சுருங்குகிறது.

இந்தியா 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் ஒரு வழி கண்டது. அதன்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி என்பதால், ஓர் ஆண்டின் சரிவு உதவியை உடனே வீழ்த்திவிடாது. தொடர்ந்து நட்டம் வந்தால் இதுவும் குறையும். ஆயினும் மூச்சுவிட அவகாசம் கிடைக்கும்.

இங்கு அத்தகைய சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. குறிப்பாக, அரசின் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் மூன்றைக் கடைப்பிடிக்கலாம் என்பது என் கருத்து. முதலாவது, ஒரு காசோலைக்குப் பதிலாக மூன்றாண்டு எழுத்துப்பூர்வ உறுதியைக் கேட்போம். தொகை சிறிதானாலும் தவறில்லை. இரண்டாவது, காலை உணவு, கூடுதல் வகுப்பு போன்ற அன்றாடத் தேவைகளை நன்கொடையை மட்டும் நம்பி நடத்தாதிருப்போம். அதனை நூலகம், அறிவியல் கூடம் போன்ற நிலைத்த வசதிகளுக்குப் பயன்படுத்துவோம். மூன்றாவது, நல்ல ஆண்டுகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சேமநிதியை வளர்க்கட்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். பொருளாதாரம் நன்றாக இருக்கும்போதே பேசவேண்டிய செய்தி இது.