வரலாறும் அரசியலும் ஒரே பட்டமாக: உயர்கல்வித் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்



கலைக் கல்லூரிகளில் வரலாறும் அரசியல் அறிவியலும் தனித்தனி இளங்கலைப் படிப்புகளாக நடப்பதும், ஒன்றைப் பயிலும் மாணவர் மற்றதைத் துணைப்பாடமாக, அதாவது முதன்மைப் பாடத்தோடு ஓரிரு பருவங்களுக்கு மட்டும் வந்துபோகும் தாளாக எழுதித் தேறிவிடுவதும் நெடுநாளைய வழக்கமாகும். இவ்விரண்டையும் ஒரே மூன்றாண்டுப் பட்டமாக இணைத்து, மூல ஆவணங்களைக் கொண்டே கற்பிக்க வேண்டும் என்பது இம்மடலின் கோரிக்கை.

இணைப்பின் தேவையைத் தமிழ்நாட்டின் வரலாறே காட்டுகிறது. நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் பிறப்பித்த வகுப்புவாரி உரிமை ஆணை, அதாவது அரசுப் பணிகளைச் சமூகப் பிரிவுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கொள்கை, வரலாற்று மாணவருக்கு ஒரு கட்சியின் சாதனையாக அறிமுகமாகிறது. கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 15(4) பிரிவு, அரசியல் அறிவியல் மாணவருக்கு அடிப்படை உரிமைகளில் ஒரு விதிவிலக்காக அறிமுகமாகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது செண்பகம் துரைராஜன் வழக்கு. அதே பகிர்வுக் கொள்கையின் வழியில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்து, ஒவ்வொரு பதினான்கிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அன்று அரிசனர் எனக் குறிக்கப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ-இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என ஒதுக்கிய சென்னை அரசின் ஆணையை, 1950-இல் சென்னை உயர் நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் செல்லாதென அறிவித்தன. சென்னை மாநிலத்தில் கடும் எதிர்ப்பு மூண்டது. அவ்வாண்டு ஜூன் மாதமே முதல் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறி 15(4) பிறந்தது. முதல் பொதுத் தேர்தல் நடைபெறும் முன்பே, வயதுவந்தோர் அனைவரின் வாக்கினால் அமையாத இடைக்கால நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகளைத் திருத்தலாமா என்னும் கேள்வியும் அதனோடு பிறந்தது. அக்கேள்வியைத் தொடுக்க அரசியல் கோட்பாடு வேண்டும். அன்றைய மக்கள் ஏன் அத்திருத்தத்தைக் கேட்டார்கள் என்று விளங்க வரலாறு வேண்டும். தீர்ப்பை நேரடியாகப் படிக்கும் மாணவர், வழக்குத் தொடுத்தவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது அதிலேயே பதிவாகியிருப்பதையும் காண்பார். பாடநூல் சுருக்கங்களில் அத்தகைய விவரம் தங்குவதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் இவ்வாறே பாதிப் பொருளோடு கற்பிக்கப்படுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இவை குடவோலை முறையை, அதாவது தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியம் எனப்பட்ட ஊர்க்குழுக்களின் உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையை விவரிக்கின்றன. மேடைகளில் அவை மக்களாட்சிக்குச் சான்றாக முழங்கப்படுகின்றன. கல்வெட்டின் வாசகமோ, இறை செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் கேட்கிறது; முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்குகிறது. கணக்குக் காட்டாதவரை விலக்கிய அந்த ஊர், பெண்களையும் நிலமற்றோரையும் பிராமணரல்லாதோரையும் ஊரை ஆண்ட சபைக்கு வெளியே நிறுத்திய பிரமதேயமும், அதாவது பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊரும் ஆகும். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என மாறியது ஏன், அரச அலுவலர் ஒருவர் உடனிருந்தது எதற்கு, குலுக்கலும் வாக்களிப்பும் அதிகாரத்தைப் பகிரும் விதத்தில் எங்கே வேறுபடுகின்றன என்று கேட்கப் பழகிய மாணவருக்குப் பெருமிதம் குறைவதில்லை. அது உண்மையின்மேல் நிற்கத் தொடங்குகிறது.

வேறெங்கும் இடம் கிடைக்காதோர் சேரும் படிப்பு என்றும், போட்டித் தேர்வுக்கான பொது அறிவுப் பயிற்சி என்றும் இவ்விரு பட்டங்களைக் கருதும் மனப்போக்கு வருந்தத்தக்கது. பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வரும் இம்மாணவர்கள், தங்கள் குடும்பங்கள் பெற்ற உரிமைகள் எந்த ஆணையால், எந்தப் போராட்டத்தால் வந்தன என்பதை ஆவணத்தைப் படித்து அறியும் தகுதி உடையவர்கள். அவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறிப்புகளை மட்டும் தந்து அனுப்புவது பெரும் அநீதி.

இணைந்த பட்டத்துக்குப் புதிய கட்டடங்கள் தேவையில்லை. சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ஆய்வு மாணவருக்கு மட்டுமன்றி இளங்கலை மாணவர் குழுக்களுக்கும் ஆசிரியர் துணையோடு முறையாகத் திறக்கப்பட வேண்டும். இறுதியாண்டில் ஒரு தாளேனும், முன்பின் அறியாத ஓர் ஆவணத்தைக் கையில் கொடுத்து, அதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று எழுதச் செய்யும் தேர்வாக அமைய வேண்டும். மொழியே இதில் பெரிய தடை. குடியேற்ற ஆட்சிக்கால ஆணைகளும் தீர்ப்புகளும் அரசியல் நிர்ணய சபை விவாதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடப்பதால், தமிழ்வழி மாணவருக்கு மூலமே எட்டுவதில்லை. 1970-களில் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் இன்றைய வடிவமான தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்திடமே, குறிப்புகளோடு கூடிய ஆவணத் தொகுதிகளைத் தமிழில் வெளியிடும் பொறுப்பை அமைச்சர் அவர்கள் ஒப்படைக்கலாம். 1921-ஆம் ஆண்டின் ஆணையும் 1951-ஆம் ஆண்டின் தீர்ப்பும் திருத்தத்தின் மீதான நாடாளுமன்ற விவாதமும் முதல் தொகுதியில் அடுத்தடுத்து இடம்பெறுமாறு பணிக்க வேண்டுகிறது இம்மடல்.