'பீரியட்ஸ் ஆப்பை டெலீட் பண்ணிட்டேன்... இப்போ நான் சேஃபா?' - அமெரிக்கக் கருக்கலைப்புத் தடையில் டேட்டாவின் ரோல்!

உங்க போன்ல பீரியட்ஸ் டிராக்கர் ஆப் இருக்கா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

2022, ஜூன் 24. கருக்கலைப்புக்கு 1973 முதல் இருந்துவந்த அரசியல் சாசனப் பாதுகாப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தடை விதிப்பதா, அனுமதிப்பதா என்பதை அந்தந்த மாகாணமே முடிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. உடனே சோஷியல் மீடியா முழுக்க ஒரே அட்வைஸ்தான். 'பீரியட்ஸ் ஆப்பை டெலீட் பண்ணுங்க!'

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 'ஃப்ளோ' என்ற பிரபல ஆப், பெண்கள் தங்களைப் பற்றிப் பதிவு செய்த அந்தரங்கத் தகவல்களை ஃபேஸ்புக்குடன் பகிர்ந்ததை 2019-லேயே 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளிக்கொண்டுவந்திருந்தது. ஆனா, அதன் பிறகு பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்த விஷயங்களையெல்லாம் வரிசையா வெச்சுப் பார்த்தா, பெண்கள் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் வேறு வழிகளில்.

160 டாலர் போதும்!

தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்னால், 'மதர்போர்டு' தளத்தின் நிருபர் ஜோசப் காக்ஸ் ஒரு வேலை செய்தார். 'சேஃப்கிராஃப்' என்ற டேட்டா கம்பெனியிடம் காசு கொடுத்து ஒரு டேட்டா வாங்கினார். 'பிளான்டு பேரன்ட்ஹுட்' அமைப்பின் 600-க்கும் மேற்பட்ட மையங்களுக்கு ஒரு வாரத்தில் வந்துபோனவர்கள் பற்றிய தகவல் அது. எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள், பிறகு எங்கே போனார்கள்... எல்லாம் இருந்தது. விலை, 160 டாலரைவிடக் கொஞ்சம் அதிகம். அன்றைய கணக்கில் நம்ம ஊர் 12,000 ரூபாய் சொச்சம். ஒரு சுமாரான ஆண்ட்ராய்டு போன் விலை!

இந்த டேட்டா எங்கிருந்து வருது? பீரியட்ஸ் ஆப்பிலிருந்து இல்லை. வெதர் ஆப், கேம்ஸ் என்று நாம யோசிக்காம 'அலோ' தட்டுகிற சாதாரண ஆப்களிலிருந்து. அவற்றுக்குள் இருக்கும் சின்ன கோடு, நம்ம லொக்கேஷனை எடுத்து வியாபாரிகளுக்கு அனுப்புது. அவங்க மொத்தமா சேர்த்து விக்கிறாங்க. 'பேர் இல்லையே, வெறும் கூட்டுக்கணக்குதானே' என்பது அவர்களின் சமாதானம். ஆனால், சில வரிகளில் நாலைந்து போன்கள் மட்டுமே இருந்தன. ஒரு சின்ன ஊரில் நாலு பேர்னா, யார் யாருன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? செய்தி வந்த கையோடு, இந்த வகை டேட்டாவை விற்பதை அந்த நிறுவனம் நிறுத்தியது.

சரி, போலீஸ் கையில் நிஜமாகவே சிக்கியது என்ன? நெப்ராஸ்கா மாகாணத்தில் ஒரு தாயும் அவருடைய 17 வயது மகளும் கருக்கலைப்பு மாத்திரை பற்றி ஃபேஸ்புக் மெசஞ்சரில் சாட் செய்திருந்தார்கள். 2022-ல் போலீஸ் வாரன்ட்டோடு மெட்டாவிடம் போனது. சாட் மொத்தமும் கைக்கு வந்தது. அந்த மாகாணத்தில் ஏற்கெனவே இருந்த 20 வார வரம்பைத் தாண்டிய கர்ப்பம் அது. குற்றத்தை ஒப்புக்கொண்ட தாய்க்கு 2023-ல் இரண்டு ஆண்டுகள் சிறை. அம்மா-பொண்ணு சாட்தான் ஆதாரம்!

இதைவிட என்னை உலுக்கியது வேறொரு கணக்கு. 'இஃப் வென் ஹவ்' என்ற சட்ட உதவி அமைப்பு, 2000 முதல் 2020 வரை, தாங்களாகவே கருக்கலைப்பு செய்துகொண்டதாக விசாரிக்கப்பட்ட அல்லது கைதான 61 பேரின் வழக்குகளைத் தொகுத்தது. பெரியவர்கள் தொடர்பான வழக்குகளில் கிட்டத்தட்ட 45 சதவிகிதத்தில், போலீஸுக்குச் சொன்னவர்கள் மருத்துவப் பணியாளர்களும் சமூகப் பணியாளர்களும். 26 சதவிகிதத்தில் தோழி, காதலர், பெற்றோர் போன்ற தெரிந்தவர்கள். ஆக, முதலில் போட்டுக்கொடுப்பது மனுஷங்கதான். அதுக்கப்புறம்தான் போன் சாட்சிக் கூண்டில் ஏறுது.

போனை வீட்டிலேயே வெச்சுட்டுப் போனாலும், காரை மறைக்க முடியாதே. டெக்ஸஸின் ஜான்சன் கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகம் ஒரு பெண்ணைத் தேட, நாடு முழுக்க 83,000-க்கும் மேற்பட்ட நம்பர் பிளேட் கேமராக்களை அலசியதை 2025, மே மாதம் '404 மீடியா' வெளியிட்டது. எழுதியவர்களில் ஒருவர் அதே ஜோசப் காக்ஸ். கருக்கலைப்பு சட்டபூர்வமாக உள்ள மாகாணங்களின் கேமராக்களும் அதில் உண்டு. தேடலுக்கான காரணம் என்ற கட்டத்தில், அந்தப் பெண் கருக்கலைப்பு செய்துகொண்டார் என்றே பதிவாகியிருந்தது. 'அவர் பாதுகாப்பை நினைத்துத்தான் தேடினோம்' என்றார் ஷெரிஃப். பிறகு வெளியான ஆவணங்களோ, அதை ஒரு 'மரண விசாரணை'யாகவே அந்த அலுவலகம் நடத்தியதைக் காட்டின. இத்தனைக்கும் டெக்ஸஸ் சட்டத்தில் கர்ப்பிணிக்குத் தண்டனை கிடையாது.

அப்போ டேட்டாவே வேண்டாமா?

அப்படிச் சொல்லிட முடியாது. 2022, 2023-ல் நடந்த கர்ப்பகால மரணங்களை ஆய்வு செய்யப்போவதில்லை என்று டெக்ஸஸின் அரசுக் குழு முடிவெடுத்தது. தடைக்குப் பின் வந்த முக்கியமான ஆண்டுகள் அவை! 'புரோபப்ளிகா' பத்திரிகையாளர்கள் சும்மா இருக்கவில்லை. பெயர் நீக்கப்பட்ட ஏழு ஆண்டு மருத்துவமனை டேட்டாவை வாங்கி அலசினார்கள். இரண்டாவது டிரைமெஸ்டரில் கருவை இழந்து அனுமதிக்கப்பட்ட பெண்களிடையே, கிருமித்தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸ், 2021 தடைக்குப் பிறகு 50 சதவிகிதத்துக்கும் மேல் அதிகரித்திருந்தது. காக்ஸ் வாங்கியதும் டேட்டா, இவர்கள் வாங்கியதும் டேட்டா. இதை யாரும் திரட்டாமல் விட்டிருந்தால், அந்தப் பெண்கள் பட்ட பாடு யாருக்குமே தெரிந்திருக்காது.

இந்த இரண்டு பக்கமும் மோதிக்கொண்ட இடம் இண்டியானா. அங்கே ஒவ்வொரு கருக்கலைப்புக்கும் மருத்துவர் ஒரு படிவம் நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டும். பெயர் இருக்காது. ஆனால் வயது, இனம், படிப்பு, கவுன்ட்டி எல்லாம் இருக்கும். முன்பு கேட்டவர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். 2023-ல் தடை வந்ததும் எண்ணிக்கை சட்டெனச் சரிந்தது. இப்போது அந்தப் படிவங்களைப் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சுகாதாரத்துறை கவலைப்பட்டது. தனித்தனிப் படிவங்களை நிறுத்திவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் வெளியிட்டது. கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பு ஒன்று வழக்கு போட, 2025-ல் புதிய அரசு படிவங்களைக் கொடுக்கச் சம்மதித்தது. அதை எதிர்த்து இரண்டு பெண் மருத்துவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆயிரத்தில் ஒருத்தியாக இருக்கும்வரை படிவம் வெறும் புள்ளிவிவரம்; பத்தில் ஒருத்தியானால் அதுவே அடையாள அட்டை.

'அது அமெரிக்கா, நமக்கென்ன' என்கிறீர்களா? இந்தியாவில் கருக்கலைப்பு குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் 24 வாரம் வரை சட்டபூர்வமானது. மணமாகாத பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சட்டத்தின் 5ஏ பிரிவுப்படி, சிகிச்சை பெற்ற பெண்ணின் விவரத்தை மருத்துவர் வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. ஆனால், அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவது மருத்துவரை மட்டும்தான். நீங்க கூகுள்ல தேடினது, ஆன்லைன்ல டெஸ்ட் கிட் ஆர்டர் பண்ணது, கிளினிக் வாசல்ல கேப் புக் பண்ணதெல்லாம் அதில் வராது.

பீரியட்ஸ் ஆப்பை வெச்சுக்கிறதும் எடுக்கிறதும் உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல லொக்கேஷன் பெர்மிஷன் பட்டியலைத் திறந்து, 'எப்போதும்'னு எத்தனை ஆப்புக்குக் கொடுத்து வெச்சிருக்கீங்கன்னு எண்ணிப் பாருங்க.